கடிவாளத்தை மெய்ப்பித்த கைகளுக்கு

செல் வளர்ப்புக்கூடத்தின் செல்வமே! கண்ணுக்குத் தெரியாதவற்றைக் கண்ணாடித் தட்டுக்குள் முப்பத்தொரு ஆண்டுகள் கண்ணும் கருத்துமாய் வளர்த்தவரே! இயக்குநர் முதல் வாயில்காவலர் வரை அனைவருக்கும் அக்காவான எங்கள் அக்கா, வணக்கம்!

ஓய்வு பெறும் இந்த மாலையில் உங்கள் பொறுமையைப் பாடலாம். தட்டுக்குள் பூஞ்சை புகுந்தால் புயலாகும் உங்கள் கோபத்தையும் பாடலாம். கையுறை இல்லாமல் கதவைத் தொட்டு, "வீட்டு அடுப்படிக்குள்ளயும் இப்படித்தான் நுழைவியா?" என்று வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் இங்கே எவருமில்லை. ஆனால் இந்த மடல் ஒரே ஒரு நாளைத்தான் பாட வந்தது.

கல்லீரல் புற்றுநோய்ச் செல்கள் இருந்த இடத்தில் இருக்கமாட்டாதவை. அவற்றைப் பரவவிடாமல் அடக்கும் மரபணுக்கள் சில உண்டு. நோய் முற்றும்போது அவை உறங்கிவிடுகின்றன. அவற்றில் ஒன்றை எழுப்பினால் செல்கள் நிற்குமா என்பதே நம் ஆய்வு. அந்த மரபணுவுக்குக் 'கடிவாளம்' என்று பெயர் வைத்தவர் நீங்கள். உங்கள் ஒரே தம்பிக்கும் அப்போது அதே நோய் இருந்ததை நாங்கள் அறிவோம்.

இரண்டு தட்டுகளில் செல்களை வளர்த்து, நடுவே பிப்பெட் முனையால் ஒரு கோடு கீறினீர்கள். மறுநாள் கடிவாளம் இல்லாத தட்டில் செல்கள் ஊர்ந்து வந்து கோட்டை மூடியிருந்தன. கடிவாளம் விழித்த தட்டில் ஒன்றுகூட நகரவில்லை! கூடமே துள்ளிக் குதித்தது; கட்டுரையும் தயாரானது. நீங்கள் மட்டும் குறிப்பேட்டைப் புரட்டிவிட்டு, நேரே இயக்குநர் அறைக்குப் போனீர்கள்.

"சார், அது கடிவாளத்தால நிக்கல, பட்டினியில நிக்குது. ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்த அவசரத்துல அந்த ஒரு தட்டுக்கு மட்டும் தீனி மாத்தாம ஓடிட்டேன்."

"நாளைக்குக் கட்டுரை போகணுமேம்மா!"

"என் தம்பி மாதிரி எத்தனை பேரு அதை நம்பி உக்காந்திருப்பாங்க, சார்?"

கட்டுரை போகவில்லை. அன்று மாலை நீங்கள் அழுதுகொண்டே சொன்னதைக் கேட்டு, படுக்கையில் இருந்த தம்பி சிரித்தாராமே! "கேன்சரைப் பட்டினி போட்டதுக்கா அழுற? நல்ல காரியம்தானே பண்ணியிருக்க! போ, மறுபடியும் ஒழுங்காச் செய்."

செய்தீர்கள். ஏழு மாதம், மூன்று முறை. அன்று முதல் தட்டுகளுக்குத் தீனி மாற்றாமல் உங்கள் டிபன் டப்பாவை நீங்கள் திறந்ததே இல்லை. மூன்றாம் முறை முடிவு வந்தபோது, அதைக் கேட்கத் தம்பி இல்லை. நுண்ணோக்கியிலிருந்து முகத்தை எடுக்காமலே சொன்னீர்கள்: "முழுசா நிக்கல. செல்லெல்லாம் பாதி தூரம்தான் வந்திருக்கு. ஆனா நிஜமாவே கடிவாளம்தான் பிடிச்சிருக்கு."

அந்தப் பாதியின் மேல்தான் இன்று நம் ஆய்வுக்கூடம் நிற்கிறது, அக்கா. முழுப் பொய்யைக் கைதட்டி வரவேற்க நாங்கள் அத்தனை பேரும் தயாராய் இருந்தோம். எல்லோரையும்விட அது மெய்யாக வேண்டும் என்று ஏங்கிய நீங்களே அதை மறுத்தீர்கள்!

அந்த மூன்றாம் முறைத் தட்டின் படத்தையும், இந்த மடலைப் பதித்த கண்ணாடிச் சட்டகத்துக்குள்ளேயே வைத்திருக்கிறோம். இருபுறமும் செல்கள், நடுவே, அவை தாண்டாத ஒரு வெள்ளைக் கீற்று. உங்கள் தம்பி பெயரை அதன் கீழே எழுதியிருக்கிறோம்.

நோய் நொடியின்றி நூறாண்டு வாழுங்கள்! தட்டுகளை இனி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நாளை முதல், நேரத்துக்கு நீங்கள் சாப்பிடுங்கள்.

உங்களிடம் திட்டு வாங்கியே தேறிய
செல் வளர்ப்புக்கூடத்தார்