பைப் ஒன்று

என் தம்பி இளவழகனின் வலது கையை உதவி ஆய்வாளர் தனபால் லத்தியால் அடித்து உடைத்தார். அவன் எங்கேயும் வழுக்கி விழவில்லை.

என் பெயர் இலக்கியா. வயது இருபத்தாறு. தகப்பனார் பச்சமுத்து காலமாகிவிட்டார். நாமக்கல் மாவட்டம் புளியங்காட்டு வளவில் அம்மா அத்தாயியுடனும் தம்பியுடனும் குடியிருக்கிறேன். பி.காம். படித்துவிட்டு, போர்வெல் ரிக் வண்டி முதலாளி கதிர்வேல் அவர்களின் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். தம்பி அவருடைய ரிக் வண்டியில்தான் வேலைக்குப் போனான். கோட்டாட்சியர் விசாரணைக்கு வரச் சொன்னதால் வந்து இதைச் சொல்கிறேன்.

முதலாளி, வெள்ளைக்காரர்கள் புகை பிடித்த பழைய பைப்புகளைச் சேகரிக்கிறவர். வார்ட்லோ என்ற ஒரே கம்பெனியின் பைப்புகளை மட்டுமே வாங்குவார். அவற்றை இணைய ஏலத்தில் எடுப்பது, படம் பிடிப்பது, ஒவ்வொன்றின் வரலாற்றையும் சிறு அட்டையில் தட்டச்சு செய்து வைப்பது எல்லாம் என் வேலை. லண்டனில் பொத்தான் கடை வைத்திருந்த ஒருவர் ஆரம்பித்த கம்பெனி அது. பிரையர் என்ற செடியின் வேர்க்கட்டையைக் கடைந்து செய்தார்கள். முதல் உலகப் போருக்கு முன் செய்தவற்றில் பெயருக்குக் கீழே இரண்டு கோடு இருக்கும், பின்னால் வந்தவற்றில் ஒரு கோடுதான். இரண்டாம் போரில் குண்டு விழுந்து பட்டறை எரிந்த பிறகு வேறு யாரோ பெயரை மட்டும் வாங்கி இயந்திரத்தில் செய்தார்கள். அதனால் சேகரிக்கிறவர்கள் இரண்டு கோட்டுக்குத்தான் அலைகிறார்கள். முதலாளியிடம் இரண்டு கோடு போட்டது ஒன்றே ஒன்று இருந்தது. சேலத்துச் சுரங்கத்தில் இருந்த துரை தன் தாத்தாவுக்குக் கொடுத்தது என்று விருந்தாளிகளிடம் சொல்வார். அதை இணையத்தில் ஏலம் எடுத்தது நான்தான். முதலாளிக்குப் புகைப் பழக்கம் கிடையாது. படம் எடுக்கும்போது வெறும் பைப்பை வாயில் வைத்துக்கொள்வார்.

போன மாதம் முதலாளி மகளின் நிச்சயதார்த்தத்துக்கு வெளியூர் ஆட்கள் நிறைய வந்து போனார்கள். அதன் பிறகு கண்ணாடி அலமாரியில் அந்தப் பைப் இல்லை. முதலாளி என் எதிரிலேயே உதவி ஆய்வாளருக்குப் போன் செய்து, "கண்ணாடிப் பொட்டில வெச்சிருந்த பைப்பு ஒண்ணக் காணோமுங்க, நம்ம ஆளுக எவனோ எடுத்துட்டானுங்க" என்றார். பந்தலுக்கு நாற்காலி தூக்கிப் போட வந்த வேலையாட்களில் என் தம்பியும் ஒருவன். மறுநாள் காலையில் அவனை மட்டும் காவல் நிலையத்துக்குக் கூட்டிப் போனார்கள். நான் பின்னாலேயே ஓடினேன். என்னை எழுத்தர் மேஜைக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். உள்ளே பேசியது எல்லாம் எனக்குக் கேட்டது, கதவு இடுக்கில் தெரியவும் செய்தது.

உதவி ஆய்வாளர், "பைப்பை எடுத்தியாடா?" என்று கேட்டார். தம்பி, "எடுத்தேனுங்க சார்" என்றான்.

"எங்கடா அது?"

"ஊட்டுல கக்கூசுக்குப் போட்டுட்டேனுங்க. சிமெண்டு வெச்சுப் பூசியாச்சுங்க."

ஒரு காவலர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் முதல் அடி விழுந்தது. "கண்ணாடிப் பொட்டில வெக்கிற சாமான கக்கூசுல பூசுனயா? யாருகிட்ட நக்கலு?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார்.

தம்பி சொன்னது கேசிங் பைப். போர் போடும்போது மண் சரியாமல் இருக்க இறக்குவது. அதில் வெட்டி மிஞ்சிய ஒரு துண்டு முதலாளியின் யார்டில் கிடந்தது. யார்டு மேனேஜர் சின்னுசாமி, "எடுத்துட்டுப் போ சாமி, இங்க கெடந்து காலத்தான் இடிக்குது" என்று கொடுத்தார். அவர் கொடுத்தபோது நானும் அங்கே இருந்தேன். என் தம்பி பிறந்ததிலிருந்து அவனுக்குப் பைப் என்றால் தண்ணீர் போகிறது மட்டும்தான்.

நான் கதவருகே போய், "சார், அவன் சொல்றது வேற பைப்புங்க" என்றேன். எழுத்தர் என் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். உடனே முதலாளிக்குப் போன் செய்து நடப்பதைச் சொல்லி, காணாமல் போனது புகை பிடிக்கிற பைப் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டேன். உள்ளே தம்பி கத்துவது அவருக்கும் கேட்டிருக்கும். "விசாரிக்கட்டும் புள்ள, நாயமா இருந்தா உட்டுருவாங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதன் பிறகுதான் கை உடைந்தது.

ஆஸ்பத்திரியில், நிலையத்துக் கழிவறையில் வழுக்கி விழுந்ததாகப் போலீசார் எழுதிக் கொடுத்தார்கள். அன்று காலை நான் கழிவறைக்குப் போகக் கேட்டபோது, ரிப்பேர் என்று பூட்டியிருப்பதாகச் சொல்லி எதிரே உள்ள பேக்கரிக்கு அனுப்பினார்கள். பூட்டை நான் பார்த்தேன். பூட்டிய அறைக்குள் என் தம்பி எப்படி வழுக்கினான் என்று யாரும் சொல்லவில்லை.

அந்த வாரமே பைப் சேகரிக்கிறவர்களின் இணையக் குழுவில் கோயம்புத்தூர் டாக்டர் ஒருவர் ஒரு படம் போட்டிருந்தார். இரண்டு கோடு, வாய் வைக்கும் இடத்தில் நான் அட்டையில் குறித்து வைத்திருந்த அதே சின்னக் கீறல். தன்னுடையதோடு ஒப்பிட்டுப் பார்க்க இரவல் தந்த நண்பர் கதிர்வேலுக்கு நன்றி என்று கீழே எழுதியிருந்தது. முதலாளியிடம் காட்டினேன். "அட, விருந்து அவசரத்துல மறந்தே போச்சு" என்றார். நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்றும் அப்போதே சொன்னார்.

படத்தை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனேன். உதவி ஆய்வாளர் பார்த்துவிட்டு, "சரிம்மா, அவரு பைப்பு கெடச்சுருச்சு. உன் தம்பி ஒத்துக்கிட்டது வேற பைப்புன்னு நீதான சொன்ன? அதுவும் முதலாளி சாமான்தான?" என்றார். தம்பி மேல் போட்ட திருட்டு வழக்கு இன்றும் இருக்கிறது. சின்னுசாமியிடம் போனேன். "எனக்கு நெனப்பில்லீங்க அம்மிணி, என்னைய இதுல இழுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ரிக் வண்டியோடு ஆப்பிரிக்கா போக என் தம்பி பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டிருந்தான். அதை விசாரிக்க வர வேண்டியதும் இதே நிலையம்தான். இப்போது ஜாமீனில், மாவுக்கட்டோடு வீட்டில் இருக்கிறான். இடது கையால் சாப்பிடக் கூச்சப்பட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறான்.

மேலே உள்ளவை நான் கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும். எழுதியதை நானே படித்துப் பார்த்தேன், சொன்னபடி இருக்கிறது. முதல் தகவல் அறிக்கையில் "பைப் ஒன்று" என்று மட்டும் இருக்கிறது. அது எந்தப் பைப் என்று எனக்கு எழுத்தில் தர வேண்டும் என்று கோட்டாட்சியர் அவர்களிடம் கேட்டேன். மறுபடியும் கேட்டேன். "கையெழுத்துப் போடும்மா" என்றார். நான் கேட்டதையும் எழுதினால்தான் போடுவேன் என்றதால் இதுவும் எழுதப்பட்டது.

ப. இலக்கியா