பாகீரதிக்காகப் பேசியவன்

டாக்டரிடம் எப்படிப் பேசுவது என்பது நம் ஜனங்களுக்குத் தெரியவே தெரியாது. எங்கே வலிக்கிறது என்று கேட்டால், காலையில் குழாயில் தண்ணீர் வராததிலிருந்து ஆரம்பிப்பார்கள். என் மனைவி பாகீரதியும் அந்த ரகம்தான். நீங்கள் தமிழ்க்கார அதிகாரி என்பதால் இதைச் சொல்கிறேன். உங்கள் ஸ்டேஷனில் மற்றவர்களுக்கு இது விளங்காது.

நான் பிறந்ததே இந்தக் கல்கத்தாவில், டாலிகஞ்சில். போனில் நான் பெங்காலி பேசினால் பானர்ஜியா, முகர்ஜியா என்று கேட்பார்கள். பாகீரதி மன்னார்குடியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். பன்னிரண்டு வருஷமாகியும் காய்கறிக்காரனிடம் விரலை நீட்டித்தான் வாங்குவாள். கற்றுக்கொள் என்று நானும் சொல்லவில்லை, வீட்டில் ஒருவர் பேசினால் போதும். பல்வலியோ காய்ச்சலோ, டாக்டரிடம் அவளுக்காக நான்தான் பேசுவேன். அவள் அரைமணி நேரம் அளப்பதை ஒரு வரியில் முடித்துவிடுவேன். டாக்டர்கள் எனக்குக் கடமைப்பட்டவர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தூரத்து உறவுப் பையன் நரேனும் அவன் மனைவியும் சாப்பிட வந்திருந்தார்கள். சால்ட் லேக்கில் ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனி. ஊரிலிருந்து வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் எல்லாம் தெரிந்த மாதிரி பேச்சு. பாங்க்கில் எனக்குப் பதவி உயர்வு வந்ததா என்று கேட்டான். கல்கத்தாவை விட்டுப் போக மனசில்லை, நானே வேண்டாம் என்றுவிட்டேன் என்றேன். ரசம் விட்டுக்கொண்டிருந்த பாகீரதி சிரித்தாள்.

"இவர் எங்க வேண்டாம்னார்? அவாதான் குடுக்கலை. எத்தனை தடவை எழுதிப் போட்டார், பாவம்."

நரேனின் மனைவி தட்டைப் பார்த்துக்கொண்டாள். அந்தப் 'பாவம்' எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புருஷனை நாலு பேர் முன்னால் பாவம் என்று சொல்கிற சமர்த்து எல்லோருக்கும் வாய்க்காது.

அவர்கள் போன பிறகு இதைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம். பேச்சின் முடிவில் அவள் தலை பீரோ முனையில் இடித்தது. ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்காமல் கிடந்தாள். பாசாங்கு என்று விட்டுவிட்டேன். எழுந்ததிலிருந்து வாந்தி. மறுநாள் நான் பாங்க்கிலிருந்து வந்தபோது பேச்சு குழறியது.

எங்கள் பேட்டை டாக்டருக்கு அவளை நன்றாகத் தெரியும், தேவையில்லாத அக்கறை காட்டுவார். அதனால் டாக்சி பிடித்து பெஹாலாவுக்குக் கூட்டிப்போனேன். அங்கே மருந்துக்கடைக்குப் பின்னால் டாக்டர் ஸான்யால் என்று ஒருவர் சேம்பர் வைத்திருக்கிறார். எங்களை அவருக்குத் தெரியாது.

இந்த ஊரில் மண்டையே பிளந்திருந்தாலும் முதல் கேள்வி வயிற்றைப் பற்றித்தான். புளித்த ஏப்பம் உண்டா, காலையில் சரியாகப் போகிறதா, எண்ணெய்ப் பலகாரம் தின்றாளா என்று சாங்கோபாங்கமாகக் கேட்டு எழுதிக்கொண்டார். எனக்குச் சிரிப்பை அடக்குவது கஷ்டமாக இருந்தது. பிறகுதான் தலையில் அடிபட்டதா என்று கேட்டார். அவளிடம் தமிழில் கேட்டேன்.

"பீரோல இடிச்சுதுன்னு சொல்லுங்கோ" என்றாள், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

"அடி எதுவும் இல்லையாம்" என்றேன்.

வாந்தி உண்டா என்றார். "நேத்திலேர்ந்து எதுவும் வயத்துல தங்கலை. கண்ணை இருட்டிண்டு வரது" என்றாள். பசி இல்லையாம், பழைய ஒற்றைத் தலைவலிதான் என்றேன். நினைவு தப்பியதா என்று கேட்டதற்கு அவளைக் கேட்காமலே இல்லை என்றுவிட்டேன். அடி என்றால் ஸ்கேன் என்பார்கள். ஸ்கேன் என்றால் ஆஸ்பத்திரி. அங்கே எவனாவது, எப்படி அடிபட்டது என்று துருவுவான். பாங்க்கில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவளை உற்றுப் பார்த்தார்.

"அனந்தபாபு, இவருக்குப் பேச்சு குழறுகிற மாதிரி இருக்கிறதே?"

"எங்கள் பாஷையே அப்படித்தான், டாக்டர்பாபு."

சிரித்துவிட்டார். வாங்கிய பட்டங்களெல்லாம் கண்ணாடி போட்டுச் சுவரில் தொங்குகின்றன. மதராஸி எதைப் பேசினாலும் அவருக்கு ஒரே சத்தம்தான். தலைவலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் அவள் எழுந்திருக்கவில்லை. மண்டைக்குள் ரத்தம் கட்டியிருந்தது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பாள் என்று நீங்கள் சொல்கிறீர்கள். இருக்கலாம். நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்.

கிளம்பும்போது பாகீரதி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் நேராகப் பேசினாள். நாக்கு புரளவில்லை. எனக்கே சற்றுக் கழித்துத்தான் புரிந்தது, அது தமிழ் இல்லை, பெங்காலி. கீழ்வீட்டுப் பெங்காலிப் பெண் மேக்னா எனக்குத் தெரியாமல் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அப்படியானால், அதுவரை நான் டாக்டரிடம் சொன்னதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளுக்குப் புரிந்துகொண்டேதான் இருந்திருக்கிறது.

இவர்தான் என்னைப் பிடித்துத் தள்ளினார், என்னை வீட்டுக்கு அனுப்பாதீர்கள் என்றாள். உண்மைதான். நான்தான் தள்ளினேன்.

டாக்டர் அதையும் தமிழ் என்றே நினைத்துக்கொண்டார். என் பக்கம் திரும்பி, என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

"உங்களுக்கு நன்றி சொல்கிறாள்" என்றேன். பன்னிரண்டு வருஷத்தில் ஒருமுறையாவது அவள் எனக்குச் சொல்லியிருக்க வேண்டியது அது.