பாத்ரூமில் ஒரு எட்டுக்கால் பூச்சி

பாடி மேம்பாலத்தடியில் பேருந்து நின்றுவிட்டது. முன் இருக்கையில் இரண்டு நண்பர்கள். நான் கைபேசியைப் பார்ப்பதுபோல் காதைக் கொடுத்திருந்தேன்.

“ஊட்டுல எட்டுக்கால் பூச்சி கீது மாமே, உள்ளங்கை சைஸு. பாத்ரூம் கதவுக்குப் பின்னாடி.”

“அடிச்சுப் போட வேண்டியதுதானே?”

“பொண்டாட்டி மாசமா கீறா. இந்த நேரத்துல நான் எந்த உசுரையும் கொல்லக் கூடாதுன்னு மாமியார் சொல்லிட்டாங்க.”

“தங்கச்சி பயப்படுமே?”

“பாத்தாலே அலறுவா. நேத்து அவளே தொடப்பத்தை எடுத்துகினு போனா. போன வேகத்துல கதவைச் சாத்திகினு வந்துட்டா.”

“ஏன்?”

“அது வயித்துக்கு அடியில வெள்ளையா முட்டைப் பையைச் சுமந்துகினு கீது.”

பேருந்து மெல்ல நகர்ந்தது.

“அப்ப குளிக்கிறதுக்கு?”

“எதிர் ஊட்டுக்குப் போறோம். அதுக்குப் பிரசவம் ஆவட்டும், அதுவரைக்கும் பாத்ரூம் பக்கம் போவாதன்னுட்டா.”