மலீஹா மணல்

கனகா: ஜன்னலை இன்னும் கொஞ்சம் இறக்குங்க. டாஃபி மூஞ்சியை வெளிய நீட்டணும்னு துடிக்குது.

பொன்னுச்சாமி: நாய் மூக்கு, அதுக்கு மணல் வாசம் தெரிஞ்சிடுச்சு. மேடத்தையும் சாரையும் பிள்ளைங்களையும் ஏத்திக்கிட்டு இந்த ரோட்டுல எத்தனை லீவு நாள் வந்திருப்பேன்... எட்டு வருஷத்துல நீங்கதான் ஒருநாளும் வரலை.

கனகா: புளிசாதம் கட்டிக் கொடுக்கிறதோட என் டூர் முடிஞ்சிடும். சாயங்காலம் இது வந்து ஹால்ல உடம்பை உதறும். அதைக் கூட்டி அள்ளுவேன். அப்படியே செங்கல் நிறம்...

பொன்னுச்சாமி: எது?

கனகா: மணல்தான். குப்பையில போட மனசு வராது. பால்கனித் தொட்டியில போட்டுடுவேன்.

பொன்னுச்சாமி: அதான் அந்தக் கறிவேப்பிலை வரவே இல்லை!

கனகா: ரோட்டைப் பாருங்க.

பொன்னுச்சாமி: அவங்க லண்டன் போய் மாசமாச்சு. ரெண்டு மணிக்கு டாஃபியை ஏர்போர்ட் கார்கோவுல விட்டா அதுவும் போயிடும். நாளைக்கு ஊருக்கு உங்க ஃப்ளைட். ஒண்ணாந்தேதி எனக்கு அபுதாபி முசஃபாவுல லாரி டூட்டி...

கனகா: அதான் மேடம் சொன்னாங்க. கடைசியா ஒரு தடவை மலீஹா பாலைவனப் பூங்காவுல நடக்கட்டும்னு.

பொன்னுச்சாமி: ம்... சொன்னாங்கன்னு சொன்னீங்க. வந்தாச்சு, இறங்குங்க.

கனகா: அம்மாடி... இவ்வளவு பெருசா?

பொன்னுச்சாமி: செருப்பைக் கழட்டுங்க. தை மாசம், சுடாது. டேய் டாஃபி, மெதுவா!

கனகா: கயித்தை இழுக்காதீங்க, கூடவே ஓடுங்க! ஐயோ... விழுந்துட்டீங்களா?

பொன்னுச்சாமி: சிரிங்க, சிரிங்க. நீங்க சத்தமாச் சிரிச்சு இப்பதான் கேட்கிறேன்.

கனகா: எழுந்திரிங்க, சட்டையில மணலைத் தட்டுங்க.

பொன்னுச்சாமி: ஊருல யாரு இருக்கா?

கனகா: தம்பி வீட்டுல ஒரு ரூம் இருக்கு. உங்களுக்கு?

பொன்னுச்சாமி: அம்மா போனப்புறம் வீட்டைப் பூட்டிட்டேன்... இருங்க, போன் அடிக்குது. மேடம்தான்.

கனகா: எடுக்காதீங்க!

பொன்னுச்சாமி: ஏன்?

கனகா: அவங்க... ஒண்ணும் சொல்லலை. நானாத்தான் சொன்னேன்.

பொன்னுச்சாமி: தெரியும். நேரா கார்கோவுக்குப் போ, வேற எங்கயும் நிறுத்தாதேன்னு காலையிலயே மெசேஜ் போட்டுட்டாங்க.

கனகா: தெரிஞ்சேவா இவ்வளவு தூரம் ஓட்டிட்டு வந்தீங்க?

பொன்னுச்சாமி: நீங்க என்கிட்ட இதுவரைக்கும் எதுவுமே கேட்டதில்லையே. நேரமாச்சு, கிளம்பலாம். போறப்பவாவது முன்னாடி சீட்ல உட்காருங்க. இன்னிக்கு யாரு பார்க்கப் போறா?

கனகா: வேண்டாம். பின்னாடியே இருக்கேன்.

பொன்னுச்சாமி: இன்னும் என்ன கூச்சம்?

கனகா: கூச்சம் இல்லை... பின்னாடி உட்கார்ந்தாத்தான் கண்ணாடியில உங்க முகம் தெரியுது.