சுழலுக்குள் சென்ற கப்பல்

அவையை அன்பால் ஆளும் தலைவர் அவர்களே! கடலோடிக் களைத்தும் கனிவு குறையாத பெரியோர்களே! கப்பலேறிய பிள்ளைகளின் குரலுக்காகக் காத்திருந்த தாய்மார்களே! கடலாய்வுத் துறையின் தலைமையை இன்று ஏற்கும் எங்கள் அக்கா அவர்களே! முன்வரிசையில் முகத்தை இறுக்கி அமர்ந்திருக்கும் அவருடைய அண்ணன், எங்கள் கேப்டன் அவர்களே! வணக்கம்.

அண்ணனும் தங்கையும் ஒரே கப்பலில் போன பயணத்தில் சமையல்காரன் நான். சிரிக்காதீர்கள், என் சாப்பாட்டைச் சாப்பிட்டும் அவர்கள் நலமாகத்தான் இருக்கிறார்கள்!

நீரோட்டம் போகும் வழியை அறிய அக்கா கடலில் விட்ட மிதவை வட்டமடித்துக்கொண்டே இருந்தது. பழுதென்றார்கள் பலர். புயல் வருகிறது என்றது வானிலைச் செய்தி. முந்தைய பயணங்கள் வெறுங்கையோடு முடிந்திருந்தன. இதுவும் பொய்த்தால் ஆய்வையே மூடிவிடுவார்கள். கேப்டனோ, கரைக்குத் திரும்புவதென்று முடிவெடுத்துவிட்டார்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன் முன்னால், மிதவை போன தடத்தைக் குறித்த வரைபடத்தை விரித்தார் அக்கா.

"இது சுத்துது, நெஜம்தான். ஆனா சுத்திக்கிட்டே துருவத்துப் பக்கம் நகருது, பாருண்ணா. இத சுத்த வைக்கிற சுழல், வெதுவெதுப்பான தண்ணிய உள்ள வச்சிக்கிட்டுப் போகுது. ஒருதரம் குறுக்கால போய்ப் பாத்துடலாம்."

இத்தனை உயிர்களுக்கு நீ பொறுப்பென்றால் போவாயா என்று கேட்டார் கேப்டன். போவேன், ஆனால் காற்று வலுத்தால் அந்த நொடியே திரும்புவேன் என்றார் அக்கா.

அண்ணன் எழுந்தார். "தங்கச்சிங்கறதுக்காகப் போகல. காத்து வலுத்தா திரும்பிடவும் தயாரா இருக்க பாரு, அதுக்காகப் போறேன்."

சுற்றிலும் கையுறைக்குள்ளும் விரல் விறைக்கும் கடல். சுழலின் நடுவே ஆழத்திலிருந்து எடுத்த நீரில், கையுறையைக் கழற்றிக் கைவைத்தார் கேப்டன். வெதுவெதுப்பு! வெகுநேரம் கையை எடுக்கவேயில்லை. பிறகு ஒலிபெருக்கியில் கப்பல் முழுக்கக் கேட்டது அவர் குரல்:

"எல்லாரும் கேளுங்க. என் தங்கச்சி சொன்னது சரி."

அக்கா அழுதார். கேட்டதற்கு, கடல்நீர் தெறித்தது என்றார். காற்று வலுக்கும் முன் கப்பல் திரும்பியது.

அன்பர்களே! வெயில் காய்ச்சிய கடலின் வெப்பத்தை வாடைக் கடலுக்குக் கொண்டுசேர்ப்பது பெரும் நீரோட்டங்கள் மட்டுமா? இல்லை! ஓயாமல் சுழன்று, சுழன்றபடியே நகர்ந்து, நகர்ந்தபடியே வெப்பம் சுமக்கும் இந்தச் சுழல்களுக்கும் அதில் பங்குண்டு! வீணாய்ச் சுற்றுகிறது என்று உலகம் ஒதுக்கியதை, விலகாமல் நின்று பார்த்தாரே, அந்தக் கண்ணுக்கல்லவா இந்தத் தலைமை!

நம்பும்படி சொன்ன தங்கைக்கும், நம்பிப் போன அண்ணனுக்கும் உங்கள் கைதட்டல் ஒன்றாய்ச் சேரட்டும். சமையல்காரன் பேச்சுக்கும் செவிகொடுத்த உங்களுக்கு என் நன்றி. கடலில் இருக்கும் பிள்ளைகள் அத்தனை பேரும் நலமாய்க் கரைசேர வாழ்த்தி அமர்கிறேன். வணக்கம்.