அய்யாவின் போன்

அடுத்தவர் பேச்சுக்குக் காது கொடுத்து, இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிடுகிற முட்டாள் நான். அன்றும் மண்டபம் நிறுத்தத்தில் இறங்காமல் பஸ்ஸில் பாம்பன் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தேன். காரணம், முன் இருக்கையில் ஒரு பெண் தன் தம்பியிடம் சொன்னதுதான்.

"காலைல ஆப்பத் திறந்துவிட்டேன்லே, உடனே யாரோட போனோ ஒண்ணு அதுக்குள்ள வந்துருச்சு."

"எந்த ஆப், அக்கா?"

"மீன் கணக்கு எழுத நம்ம அய்யா கேட்டுக்கிட்டே இருந்தாரே, அது. இத்தன நாளா கம்ப்யூட்டர்ல கன்டெய்னர்ங்கிற பொட்டிக்குள்ள பூட்டியே கெடந்துச்சு. இன்னைக்குத்தான் நம்ம பழைய லேப்டாப்பெல்லாம் சேத்துக் கட்டுன கிளஸ்டர்ல சர்வீஸா ஓட விட்டு, வெளிவாசலா ஒரு போர்ட்டத் திறந்தேன்."

"அட்ரஸ யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல. நம்ம வீட்டு வைஃபைல இருக்குற போன்தான் வர முடியும்."

"அப்ப என் போனா இருக்கும்."

"உள்ள வந்தது யாருன்னு பதியுற லாக்ல அய்யா போன் பேருதாம்லே இருக்கு."

தம்பி சன்னல் வழியே கடலைப் பார்த்தான். "அது அவரோட படகுல போச்சே. கூடப் போன படகெல்லாம் திரும்பிருச்சு, அவரு படகுதான் வரல."

"ஆமா."

"பயமா இருக்கு. அந்த போர்ட்ட மூடிரு, அக்கா."

சும்மா இருக்கத் தெரியாத நான் குனிந்து, "தம்பி சொல்றபடி மூடிடலாமேம்மா?" என்றேன்.

"அய்யா வராம எங்க வீட்டுல வாசலச் சாத்த மாட்டோம்."