அட்டை இல்லாத நான்காம் ஆள்

பெயர்: கீர்த்தனி. வயது: 21. தந்தை பெயர்: காலஞ்சென்ற ஜீவிதன். தாயார்: சிவகௌரி. முகவரி: இலங்கைத் தமிழர் முகாம், மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.

சார்பு ஆய்வாளர் அவர்கள் விசாரிக்க நான் சொல்வது யாதெனில், நான் மேற்படி முகாமில் பிறந்து, அங்கேயே என் தாயாருடன் வசித்து வருகிறேன். இராமநாதபுரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் கணினி அறிவியல் இறுதியாண்டு படிக்கிறேன். படிப்பின் பகுதியாக, அதே ஊரில் உள்ள சிறிய மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். அதன் மேலாளர் சேதுபதி. எந்த விசைப்படகில் யார் யார் கடலுக்குப் போகிறார்கள் என்று பதியும் மென்பொருளை, படகு உரிமையாளர் சங்கம் ஒன்றுக்கு அந்த நிறுவனம்தான் செய்து கொடுத்துப் பராமரிக்கிறது. அதை நான் கெடுத்துவிட்டேன் என்பது என் மேல் உள்ள புகார்.

எங்களுக்கு டேட்டாபேஸ் பாடம் நடத்தியவர் இராமலட்சுமி மேடம். ஒருமுறை காரங்காட்டுச் சுற்றுலாப் படகுகளுக்கு அட்டவணை வரையச் சொன்னார்கள். நான் ஆளுக்கு ஒன்று, படகுக்கு ஒன்று, இரண்டையும் சேர்க்கப் பயணத்துக்கு ஒன்று என்று வரைந்தேன். அடையாள அட்டை எண்ணை ஆளின் விவரங்களில் ஒன்றாக மட்டும் வைத்து, அட்டை இல்லாதவருக்கு அந்த இடத்தைக் காலியாக விடலாம் என்று எழுதினேன். மேடம் அதை வகுப்பில் எல்லோருக்கும் காட்டி, "அட்டை தொலைஞ்சு போகும், ஆளு இருப்பான்ல. முதல்ல உலகத்தப் பாருங்க, அப்புறம் கட்டம் போடுங்க" என்றார்கள். முழு மதிப்பெண் கிடைத்தது. அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதன் பிறகு பயிற்சிக்குப் போய்ப் பார்த்தால், சங்கத்தின் மென்பொருளில் ஆளுக்கு அட்டவணையே இல்லை. மீனவர் அட்டை எண்தான் இருந்தது. அந்த இடத்தைக் காலியாக விட்டால் பதிவு ஏறாது. சேதுபதி சாரிடம் இது தப்பு என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அதெல்லாம் காலேஜுக்கும்மா. இங்கன அட்டைதான் ஆளு" என்றார். நான் மேற்கொண்டு வாதாடவில்லை. வாதாடினால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

காரணம் என் தகப்பனார். முகாம் ஆட்களைப் படகில் ஏற்றக் கூடாது என்பது சங்கத்தின் விதி. அவர்களை ஏற்றாமல் பாதிப் படகு கிளம்பாது என்பதும் சங்கத்துக்குத் தெரியும். எங்கள் பக்கம் இது ஊரறிந்த விஷயம். அட்டைக்காரருக்கு உடம்பு முடியாமல் போனால் அட்டை மட்டும் போகும், கூட வேறு ஆள் போவார், மீனில் ஒரு பங்கு அட்டைக்காரர் வீட்டுக்குப் போகும். மூக்கையா என்பவருக்கு இடுப்பு எலும்பில் கோளாறு. அவருடைய அட்டையில் என் தகப்பனார் பல வருடங்களாகப் போய் வந்தார். மூக்கையா மாமா நல்ல மனிதர். இதில் அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

சம்பவத்தன்று காற்று மாறி, என் தகப்பனார் போன படகு பாம்பனுக்குத் தெற்கே கவிழ்ந்தது. பதிவில் நான்கு அட்டைகள் இருந்தன. மூன்று பேரை வேறொரு படகுக்காரர்கள் தூக்கி வந்தார்கள். நான்காவது அட்டை மூக்கையா மாமாவுடையது. சங்கத்திலிருந்து அவர் எண்ணுக்குப் போன் போட, அவர் வீட்டிலிருந்து எடுத்தார். அவர் விஷயத்தைச் சொல்வதற்குள், ஆள் வீட்டில் இருக்கிறார் என்று பதிந்துவிட்டார்கள். நான்கு அட்டையும் கரையில் என்று ஆனதும் மென்பொருள் அந்தப் பயணத்தை முடித்து வைத்தது. தேடப் போன படகுகளின் கைபேசிகளுக்குத் திரும்பி வரலாம் என்று தானாகச் செய்தி போனது. அவர்களும் திரும்பிவிட்டார்கள்.

பிழைத்து வந்தவர்களில் ஒருவர் ஆஸ்பத்திரியில் என் தாயாரிடம், ஜீவிதன் அண்ணன் ஐஸ் பெட்டி மூடியைப் பிடித்துக்கொண்டு மிதந்ததைக் கடைசியாகப் பார்த்தேன் என்று சொன்னார். நாங்கள் சங்கத்துக்கு ஓடினோம். அங்கிருந்தவர் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டி, "கம்ப்யூட்டர்ல முடிஞ்சிருச்சும்மா, நாங்க என்ன செய்ய" என்றார். சேதுபதி சாருக்குப் போன் செய்தேன். சங்கம் எழுதிக் கொடுக்காமல் பதிவைத் திறக்க முடியாது என்றார். முகாம் ஆள் படகில் இருந்தார் என்று சங்கம் எழுதிக் கொடுக்குமா? இப்படி ஆளுக்கு ஆள் கைகாட்டியதில் மத்தியானம் போனது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

அதன் பிறகு நான் அலுவலகத்துக்குப் போய், சேதுபதி சார் தினமும் என்னைத் தட்டச் சொல்லும் கடவுச்சொல்லால் உள்ளே நுழைந்து, அட்டை எண் கட்டாயம் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டு, அந்தப் பயணத்தில் பெயருக்கு ஓர் இடம் உண்டாக்கி ஜீவிதன் என்று சேர்த்து, அட்டை எண்ணைக் காலியாக விட்டு, ஆள் கரை சேரவில்லை என்று பதிந்தேன். வகுப்பில் வரைந்தபடியே செய்தேன். செய்தி போனது. படகுகள் மறுபடி கிளம்பின. கரையில் நின்ற என் தாயார் போன் செய்து, "பிள்ளை, அப்பாவைத் தேடப் போயிட்டினம்" என்றார். அவர் குரலில் அவ்வளவு நம்பிக்கை இருந்து நான் கேட்டதே இல்லை.

மறுநாள் விடியும்போது துறைமுகத்தில் எந்தப் படகுக்கும் கடலுக்குப் போகும் அனுமதிச் சீட்டு வரவில்லை. அதே மென்பொருளில் சீட்டு அச்சடிக்கும் பகுதிக்கு, அட்டை எண் இல்லாத ஒரு வரி வந்தால் மேற்கொண்டு போகத் தெரியாது. அதை நான் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. ஆட்கள் ஐஸும் டீசலும் ஏற்றி வைத்துக்கொண்டு நின்று சத்தம் போட்டார்கள். சேதுபதி சார் முதல் நாள் காலையில் எடுத்து வைத்திருந்த நகலை ஏற்றினார். என் தகப்பனார் பெயர் போய்விட்டது. சங்கத்தார் பழையபடி நான்கு அட்டையும் கரையில் என்று பதிந்தார்கள். படகுகளுக்குத் திரும்பி வரலாம் என்று மறுபடி செய்தி போனது. அந்த ஒரு வரியை மட்டும் விட்டு வைக்கச் சொல்லி அவரிடம் கெஞ்சினேன். "ஒங்க அப்பாவ மட்டும் தனியா எடுத்து வைக்க முடியாதும்மா" என்றார். முடியும். சின்ன வேலைதான். அது அவருக்கும் தெரியும்.

திரும்பாத படகு ஒன்றே ஒன்று. அதில் மூக்கையா மாமா இடுப்பில் துண்டை இறுகக் கட்டிக்கொண்டு போயிருந்தார். கைபேசியை அணைத்துவிட்டதாகப் பிறகு சொன்னார். அடுத்த நாள் சாயங்காலம் வந்து, ஐஸ் பெட்டி மூடியை எங்கள் வாசலில் வைத்து, "இதுதான் தாயி கெடச்சுச்சு" என்றார். என் தாயார் அதைக் கழுவி உள்ளே வைத்திருக்கிறார்.

இராமலட்சுமி மேடம் போனில் கூப்பிட்டு, "நீ போட்டது சரியான மாடல்தான். ஆனா மன்னிப்பு எழுதிக் குடுத்துரும்மா, இல்லன்னா டிகிரி போயிரும்" என்றார்கள். சீட்டு இல்லாமல் நின்ற மீனவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். மற்றவர்களிடம் கேட்பதாக இல்லை.

இதை எழுதி முடித்து எனக்கு வாசித்துக் காட்டினார்கள். மேலே என் தகப்பனார் பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று இருந்ததை எடுக்கச் சொன்னேன். உடலும் கிடைக்கவில்லை, சான்றும் இல்லை என்றேன். தட்டச்சு செய்த ஏட்டு அய்யா, உயிருடன் அல்லது காலஞ்சென்ற, இரண்டில் ஒன்றைப் போட்டால்தான் கணினி அடுத்த பக்கத்துக்குப் போகும் என்றார். உயிருடன் என்று போட்டால் அவரையும் விசாரணைக்குக் கூப்பிட்டு அழைப்பாணை வரும் என்றார். காலியாக விட முடியுமா என்று கேட்டேன். முயன்று பார்த்தார், ஏற்கவில்லை.

ஆகவே அது இருக்கிறபடியே இருக்கட்டும் என்று ஒப்புக்கொண்டேன். அந்த ஒரு சொல் நீங்கலாக மேலே கண்டவை யாவும் நான் சொன்னபடி உண்மை. என் தாயார் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு முதல் வரியை வாசித்துக் காட்ட வேண்டாம்.

(ஒப்பம்) ஜீ. கீர்த்தனி